யாருங் காணாத இடம்

தென்னூர் என்பது திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. பொழுது நன்கு புலர்வதற்கு முன்னரே அங்குள்ள உழவர் சந்தை விழித்துக்கொள்ளும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து உழவர்கள் கத்தரியும் வெண்டையும் கீரையும் வாழையுமாக வந்து சேர்வர். விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி விற்கும் இத்தகைய சந்தைகள் 1999ஆம் ஆண்டில் முதன்முதலாக மதுரையில் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவின. காயின் விலையைப் பலகையில் எழுதி வைப்பர். தராசையும் சந்தை நிருவாகமே கொடுத்து உதவும். ஆகவே, அங்கு வாங்குவோரை ஏமாற்றுதற்கு வழியே இல்லை என்று தோன்றும். ஆயினும், கூடையின் மேற்புறத்தில் சிவந்து பழுத்த தக்காளியும் அடிப்புறத்தில் நசுங்கிய தக்காளியும் இருந்தால், அதனைத் தராசு எடுத்துச் சொல்லுமா? விலைப்பலகைதான் சொல்லுமா?

இதே கேள்வி பதினான்கு நூற்றாண்டுகட்கு முன்னர் மதீனா நகரத்துக் கடைவீதியிலும் எழுந்தது. நபிகள் நாயகம் அவர்கள் ஒருநாள் அவ்வீதி வழியே சென்றபொழுது, ஒருவன் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தான். குவியல் காண்பதற்கு நன்றாகவே இருந்தது. நாயகம் அவர்கள் தம் கையை அதனுள்ளே செலுத்தினார்கள்; விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. காரணம் வினவ, மழையில் நனைந்துவிட்டது என்றான் வணிகன். நனைந்ததனை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நாயகம், வஞ்சகம் செய்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கூறிச் சென்றார்கள். மழை பெய்தது வணிகன் குற்றமன்று; நனைந்த தானியத்தை விற்க முற்பட்டதும் குற்றமன்று. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது வேறொன்று என இரண்டாகப் பிரித்தானே, அதுவே குற்றம்.

நாயகம் அவர்களும் தம் இளமையில் வணிகம் செய்தவர்களே. கதீஜா அம்மையாரின் சரக்குகளைச் சிரியா நாட்டிற்குக் கொண்டு சென்று விற்றுக் கணக்கு ஒப்புவித்தவர்கள். மக்கா நகரத்தார் அவர்களை 'அல்அமீன்', அஃதாவது நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தனர். கடைத்தெருவின் இயல்பு அவர்கட்குப் புதிதன்று.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. பிறரிடம் வாங்கும்பொழுது நிறைய அளந்து வாங்குவதும், பிறர்க்குக் கொடுக்கும்பொழுது குறைத்து அளப்பதும் அங்கே கடியப்படுகின்றன. இவ்வாறு கடியும் அத்தியாயம், அரசன் பிடிப்பான் என்றோ அதிகாரி தண்டிப்பான் என்றோ அச்சுறுத்தவில்லை. இறந்தபின் எழுப்பப்பட்டு இறைவன் முன் நிற்கவேண்டிய நாள் ஒன்று உண்டு என்பதை இவர்கள் நினைப்பதில்லையா என்றே வினவுகிறது. ஒரு படி அரிசியைக் குறைத்து அளப்பதற்கும் இறுதித் தீர்ப்பு நாளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். படியில் குறைந்த அரிசியை வாங்கிச் சென்றவன் ஒருகால் அறியாமலே இருந்துவிடக்கூடும். அவனும் அறியாத, அதிகாரியும் அறியாத அந்தக் குறையைக் கேட்பவர் யார் என்பதே அங்குள்ள வினா.

இஸ்லாமியர் இறைவனுக்கு வழங்கும் திருப்பெயர்களுள் 'அர்ரகீப்' என்பதும் ஒன்று. கண்காணிப்பவன் என்பது இதன் பொருள். இச்சொல் பிறந்த வேரிலிருந்தே 'முராகபா' என்ற சொல்லும் பிறந்தது. இறைவன் தன்னைக் காண்கிறான் என்னும் உணர்வு உள்ளத்தைவிட்டு நீங்காமல் வாழும் நிலைக்கு அப்பெயர். வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து, இஸ்லாம் என்பது யாது, ஈமான் என்பது யாது, இஹ்ஸான் என்பது யாது என நாயகத்திடம் வினவிய வரலாறு நபிமொழி நூல்களில் காணப்படுகிறது. மூன்றாம் வினாவுக்குக் கிடைத்த விடையின் கருத்து இது: இறைவனை நேரே காண்பவனைப் போல அவனை வணங்குக, உன்னால் அவனைக் காண இயலாவிடினும் அவன் உன்னைக் காண்கிறான் என்பதை அறிந்திரு. வந்தவர் யார் என்று அங்கிருந்தோர் எவர்க்கும் தெரியவில்லை. அவர் சென்ற பின்னரே நாயகம் அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

பாரசீகத்துத் தூஸ் நகரில் 1058இல் பிறந்து 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இப்பொருளுக்கென ஒரு தனிப் பகுதியே வகுத்துள்ளார். அவர் காட்டும் உவமை கடைத்தெருவில் பிறந்தது. நம் காந்திச் சந்தை வணிகரும் தலையசைத்து ஏற்றுக்கொள்வர். மனிதன் தன் உள்ளத்தை வணிகக் கூட்டாளி ஒருவனைப் போலக் கருதவேண்டும் என்கிறார் அவர். காலையில் கூட்டாளியிடம் முதலை ஒப்படைக்கும்பொழுது நிபந்தனைகள் பேசுகிறோம். பகலில் அவன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறோம். இரவில் விளக்கேற்றிப் பேரேட்டைப் புரட்டி வரவு செலவு பார்க்கிறோம். இங்கு முதல் யாது? நம் வாழ்நாளே. பிற சரக்குகளில் இழப்பு நேர்ந்தால் மறுநாள் ஈடுகட்டலாம். போன பகலை எந்த வணிகன் திரும்ப வாங்குவான்?

இக்கருத்தைச் சொல்லும் கதைகள் பல. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மதீனாவின் பாற்காரப் பெண்ணின் கதை. கி. பி. 634 முதல் 644 வரை கலீபாவாக விளங்கிய உமர் அவர்கள், இரவில் ஒரு பணியாளை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு நகர்வலம் வருவது வழக்கம். பாலில் நீர் கலந்து விற்கலாகாது என்று அவர் ஆணையிட்டிருந்த காலம் அது. ஓரிரவு நடந்து களைத்து ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே ஒரு தாய் தன் மகளை அழைத்து, பாலில் நீரைக் கலக்குமாறு ஏவினாள். கலீபாவின் ஆணையை மகள் நினைவூட்டினாள். இந்த நள்ளிரவில் உமர் எங்கே காணப்போகிறார் என்றாள் தாய். உமர் காணாவிடினும் உமரைப் படைத்தவன் காண்கிறானே என்றாள் மகள். ஊரறியப் பணிந்து ஒளிவில் மீறுவது தன்னால் ஆகாது என்றும் உரைத்தாள்.

உமர் அவர்கள் சுவருக்கு அப்பால்தான் நின்றார். தாயின் கணக்கு அந்த அளவிலேயே பொய்த்துவிட்டது. ஆனால், மகளுக்கு அது தெரியாது. அரசன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அறிந்து அவள் பேசியிருந்தால், அச்சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? கலீபா பணியாளிடம் அவ்வீட்டை அடையாளம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னர் அப்பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு மணம் முடித்தார். அவர்களுடைய மகள் வயிற்றுப் பேரனே 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ். அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கைத் தம் சொந்தப் பேச்சுத் தொடங்கியதும் அணைத்துவிட்டு, தம் பணத்தில் வாங்கிய விளக்கை ஏற்றியவர் என்று வரலாறு போற்றுவது இவரைத்தான். வம்சத்தில் வருவது செல்வம் மட்டுமன்று போலும்.

இத்தகைய உணர்வு அச்சத்தின் பாற்பட்டது, மனிதனைக் கோழையாக்குவது என்று கருதுவாரும் உளர். அவர்கள் தவ்ர் மலைக் குகையை எண்ணிப் பார்க்கட்டும். 622ஆம் ஆண்டில் மக்காவைவிட்டு வெளியேறிய நாயகமும் தோழர் அபூபக்கரும் அக்குகையில் ஒளிந்திருந்தனர். தேடி வந்தவர்களின் கால்கள் குகை வாயிலில் தெரிந்தன. அவர்கள் குனிந்து நோக்கினால் எல்லாம் முடிந்தது என்று அபூபக்கர் கலங்கினார். இருவராகிய நம்மோடு மூன்றாமவனாக இறைவன் இருக்கிறான் என்று நாயகம் அவர்கள் தேற்றினார்கள். பாற்காரப் பெண்ணைத் தடுத்த அதே பார்வைதான் இங்கே துணையாய் நின்றது. இன்று தெருமுனைதோறும் கேமராக்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், கேமரா கையைக் காணும், எண்ணத்தைக் காணாது. திருடனைக் காட்டிக்கொடுக்கும், தனித்திருப்பவனுக்கு ஆறுதல் சொல்லாது.

நம் திருச்சிராப்பள்ளிக்கும் இப்பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்பார் இளமையிலேயே இல்வாழ்க்கையில் பற்று நீங்கியவராய் இவ்வூருக்கு வந்து, மௌலவி ஷாம் சாகிபு என்னும் ஞானியாரிடம் 1813இல் தீட்சை பெற்றார். பின்னர்த் திருப்பரங்குன்றத்து மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தியானம் புரிந்தார். காடும் மலையும் சுற்றி, இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கி, 1838இல் மறைந்தார். இறைநினைவில் தம்மை மறந்தவர் என்பதால் மக்கள் அவரை மஸ்தான் என்றனர். குணங்குடி மஸ்தான் சாகிபு என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய பராபரக்கண்ணியைச் சமய வேறுபாடின்றித் தமிழர் பாடி வருகின்றனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை ஒன்று இயற்றினார். அத்தகைய துறவு எல்லார்க்கும் கைகூடுவதன்று. இஸ்லாம் அதனை எல்லாரிடமும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால், எல்லாரிடமும் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. அதுவே ரமலான் மாத நோன்பு.

தொழுகையைப் பிறர் காண்பர். ஈகையை வாங்கியவன் அறிவான். மக்கா சென்று திரும்பியவரை ஊரே எதிர்கொண்டு அழைக்கும். நோன்பை எவர் காண்பார்? சந்திரக் கணக்கில் அமைந்த மாதம் ஆதலின், ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாகவே வந்து எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். 2018, 2019ஆம் ஆண்டுகளில் மே மாத வெயிலில் வந்தது. அவ்வெயிலில் வைகறை முதல் அந்தி வரை ஒரு சொட்டு நீரும் அருந்தாமல் இருப்பவர், நண்பகல் தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவுவர், வாயும் கொப்பளிப்பர். நாவறண்டவன் வாய்க்குள் குளிர்ந்த நீர் வந்து நிற்கிறது. அதில் ஒரு மடக்கு உள்ளே சென்றால் அறிவார் ஒருவரும் இலர். அவன் அதனை உமிழ்ந்துவிடுகிறான்.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. பள்ளிப் பருவத்தில் நேரில் கண்டேன். தென்னூரிலிருந்து வரும் தோழன் ஒருவன் என் பக்கத்தில் அமர்ந்து படித்தான். ஒரு கோடையில், தேர்வு நாள்களில், அவன் நோன்பிருந்தான். நடுப்பகலில் பள்ளிக் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவனிடம், "இங்கே யாரும் இல்லையே, கொஞ்சம் குடித்தால் என்னடா?" என்றேன். நான் பகடி செய்யவில்லை, இரக்கத்தால்தான் சொன்னேன். "யாரும் இல்லாத இடத்தில்தானடா நோன்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலை இருவரும் வீடு திரும்பும் வழியில் நான் ஒரு பேனா வாங்கினேன். கடைக்காரர் முதியவர், கண் மங்கியவர். நான் கொடுத்த ஐந்து ரூபாய்த் தாளைப் பத்து ரூபாய் எனக் கருதி மீதி கொடுத்துவிட்டார். தெருமுனை திரும்பியதும் அதனை எண்ணிப் பார்த்து மகிழ்ந்து தோழனிடம் காட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் நடந்தான். அந்தப் பேசாமை எனக்குப் பொறுக்கவில்லை. "அவருக்குத்தான் கண் தெரியாதே!" என்றேன்.

"ஆமாம், அவருக்குத்தான் தெரியாது" என்றான் அவன்.

சற்று நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன். அவனும் உடன் வந்தான். வெயில் தணியாத சாலையில், பகலெல்லாம் நீர் அருந்தாதவன் எனக்காக அவ்வளவு தொலைவும் மீண்டும் நடந்தான் என்பது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. பணத்தை முதியவரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அத்தாளை வாங்கி விரல்களால் இருமுறை தடவிப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டார். என்னை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் பாதி வழி வருமுன் பள்ளிவாசலில் பாங்கொலி எழுந்தது. தோழன் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழங்களை எடுத்தான். ஒன்றை என் கையில் வைத்தான்.