கருவுடை நுண்ணுயிர்கள்

நுண்ணுயிர் என்றதும் பலரும் பற்றீரியாவையே நினைப்பர். பற்றீரியாவின் கலத்திற் சவ்வு சூழ்ந்த கரு இல்லை. அத்தகைய கருவுடைய நுண்ணுயிர்களுட் புரற்றோசோவா, பங்கசு, அல்கா ஆகியன முதன்மையானவை. இம்மூன்றையும் இலங்கை பட்டறிந்தே கற்றது.

புரற்றோசோவாவுக்குப் பொதுவாகக் கலச்சுவர் இல்லை. பிற பொருளை உண்டே வாழும். மலேரியாவை விளைக்கும் பிளாசுமோடியம் இவ்வினத்தது. நுளம்பின் வழியாகக் குருதியிற் புகுந்து, செங்கலங்களின் உள்ளிருந்து உண்டு பெருகும். 1934-35ஆம் ஆண்டுகளில் இந்நோய் இலங்கையிற் பல்லாயிரவரைப் பலிகொண்டது.

பங்கசுக்குக் கைற்றினாலாய சுவர் உண்டு, பச்சையம் இல்லை. உணவைக் கரைத்து உறிஞ்சும், வித்திகளாற் பரவும். 1869இல் இங்கு அறியப்பட்ட துருநோய்ப் பங்கசு கோப்பித் தோட்டங்களை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பெற்றது.

அல்காவோ பச்சையமுடையது, ஒளியைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்கும். எனினும், தேயிலையின் செந்துருநோய்க்குக் காரணம் செபலியூரோசு என்னும் பச்சை அல்காவே. பெயரிலே துரு எனினும், அது பங்கசு அன்று.

நோயின் பெயர் மயக்கும். கலத்தின் அமைப்பு மயக்காது. பற்றீரியாவின் சுவராக்கத்தைத் தடுக்கும் பெனிசிலின் இம்மூன்றனுள் எதனையும் வெல்லாது. நம் கலங்களும் கருவுடையன ஆதலின், இவற்றை மட்டும் தாக்கும் மருந்தைத் தேர்தல் அரிது. ஒட்டுண்ணியின் இயல்பறிந்து, அதனையும் நுளம்பையும் தொடர்ந்து எதிர்த்தமையாலேயே 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. இனமறிதலே மருந்தின் முதற்படியாம்.