உப்பங்கழியில் இறங்குகிறவர்கள் டாட்டூ போடப் போகும்போது

டாட்டூ போட நாள் குறித்துவிட்டு, "கையோட என்னென்ன எடுத்துக்கிட்டுப் போவணும்க்கா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், அடுத்த மூன்று வாரம் தண்ணீரில் இறங்காமல் இருக்க முடியுமா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இது லேசான கேள்வி இல்லை. துடுப்புப் போடுகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், கழிக்குள் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் என்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிழைக்கிற பலருக்குக் கையும் காலும் காய்ந்திருக்கும் நாள் குறைவு.

ஊசி தோலுக்குள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விடுகிறது. வேலை முடிந்து எழுந்திருக்கும்போது அந்த இடம் முழுக்கத் திறந்த புண். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழக்கூடும். அமெரிக்காவில் 31 வயது ஆண் ஒருவர் காலில் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர். அந்தக் கிருமி தொற்றி, சில வாரச் சிகிச்சைக்குப் பிறகும் பிழைக்கவில்லை. 2017இல் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' என்ற மருத்துவ இதழில் இது வந்தது. எல்லாருக்கும் இப்படி ஆகிவிடாது. ஆனால் சர்க்கரை, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் நாள் குறிக்கவே கூடாது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குள் தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்தின் தல மரமான அதன் பால், நல்ல தோலையே கொப்பளிக்க வைக்கும். ஆறாத தோலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. விசைப்படகில் போகிறவர்கள் நாள் குறிக்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோதானது. வெயிலுக்கு மட்டும் முழுக்கைச் சட்டை வேண்டும். துடுப்புப் படகுக்காரர்களுக்குக் கோடை விடுமுறைதான் வருமானம் என்பதால், கூட்டம் இல்லாத வாரமாகப் பார்க்க வேண்டும்.

நாளுக்கு அடுத்தது படம். என் ஆயாவின் முன்கையில் புள்ளி வைத்துச் சுற்றிய கோலப் பச்சை இருந்தது. வாசலுக்கு வந்த குறவர் சமூகத்து அம்மா ஒருவர், நெல்லும் பழைய சேலையும் வாங்கிக்கொண்டு குத்தியது என்பார். அந்த மையை எப்படிச் செய்தார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் விவரம் உண்டு. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். ஜான் லேயர்டு என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1937இல் தமிழ்நாட்டு வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் ஒன்றாக வைத்து நீண்ட கட்டுரை எழுதினார். அவ்வளவு மதிப்புள்ள ஒன்று நம் வீட்டுக் கிழவிகளின் கைகளோடு போய்க்கொண்டிருக்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆயாவின் கோலத்தையே என் கையிலும் போட்டுக்கொள்ள நினைத்தபோது, பச்சையைப் போட்டோ எடுப்பதில் பயனில்லை என்று தெரிந்தது. பல வருடத்தில் மை பரவி, புள்ளியும் கோடும் ஒட்டிக் கிடந்தன. ஆயாவைத் தரையில் அரிசிமாவால் போடச் சொன்னேன். விரல் தயங்காமல் ஓடியது. அதைப் படமெடுத்து, வேண்டிய அளவில் தாளில் அச்சிட்டு எடுத்துப் போனேன். வீட்டில் பச்சை குத்திய பெரியவர்கள் இருந்தால் இதை இன்றைக்கே செய்து வையுங்கள், டாட்டூ போடாவிட்டாலும்.

எழுத்துப் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால் போதாது. கடைக்காரரின் வரைகலை மென்பொருள் சிலசமயம் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டுவிடும். படமாகவோ அச்சிட்ட தாளாகவோ கொடுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் ணகரச் சுழிகள் சில வருடத்தில் அடைத்துக்கொள்ளும். ஸ்டென்சில் ஒட்டியதும், ஊசி தொடும் முன், கூட வந்தவரை வாய்விட்டு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் நாமே பார்த்தால் எழுத்து திரும்பித் தெரியும். நன்றாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது இதற்காகத்தான்.

அண்ணன் மகன் ஒருநாள், "அத்தை, கழுத்துல ஒண்ணு போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்றான். ராணுவத் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பழகுகிற பிள்ளை. "தம்பி, முதல்ல ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் படிச்சியா?" என்றேன். தரைப்படை சேர்ப்பில் முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறிடத்தில் நிரந்தரப் பச்சை இருக்கக் கூடாது. பழங்குடியினருக்கு அவர்கள் மரபை ஒட்டித் தனிச் சலுகை உண்டு. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன், பிறகு வந்து, "தேர்வு முடியட்டும் அத்தை" என்றான். சீருடை வேலைக்கு முயல்கிறவர்கள் அந்தந்தத் துறையின் விதியை அச்செடுத்துப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மற்றவை சுலபம். வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். சிதம்பரம் வழியாகப் போனால் இட்லியும் கொத்சும் போதும். காலி வயிற்றில் மயக்கம் வரும். கடலை மிட்டாய், தண்ணீர் பாட்டில், ஆதார் அட்டை, மை பட்டாலும் கவலையில்லாத கறுப்பு நிறத் தளர்ந்த பருத்தி உடை. ஏசி அறையில் அசையாமல் கிடந்தால் குளிரும், ஒரு துண்டு வேண்டும். முந்தின நாளிலிருந்து மது வேண்டாம். வீட்டில் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள், கீறல் விழும். மரத்துப்போகும் களிம்பை நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். வெட்டுக் காயம் தடித்து வளரும் தோல்வாகு இருந்தால் முதலில் தோல் மருத்துவர், பிறகுதான் கடை.

கடையில் ஊசிப் பொதியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மையைச் சிறு கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும், மிச்சத்தைப் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் பரவும் வழி இது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முகம் சுளிக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம், முன்பணம் போனாலும் பரவாயில்லை.

ரத்ததானம் செய்கிற பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். இந்தியாவில் டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். அண்ணாமலை நகர் மருத்துவமனையில் கொடுக்கிறவர்கள், டாட்டூ நாளுக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை குறித்திருந்தால், உங்கள் ரத்தம் அவருக்குத் தேவைப்படுமா என்று கேட்டுக்கொண்டு தேதியைத் தள்ளிப்போடுங்கள்.