கழற்றி மாட்டும் கணினி: வாங்குமுன் எடை போடுவோம்



ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினாலும் கையில் அள்ளிப் பார்த்து, எடை போட்டுத்தான் வாங்குகிறோம். கருவி வாங்கும்போது மட்டும் விளம்பர விலையைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். நாம் பட்ட அனுபவத்தையே இங்கே பாடமாக வைக்கிறோம்.

மதுரை கீழமாசி வீதியில் நமக்கு மொத்த மளிகைக் கடை. வாரம் ஒருநாள் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று லைனுக்குப் போய் ஆர்டர் எடுத்து, பாக்கி வசூலித்து வருவது வழக்கம். சிட்டை சுமப்பதற்குப் பதிலாக, திரையும் கீபோர்டும் தனித்தனியே கழலும் சிறு கணினி ஒன்றை 2023-ல் மலிவாக வாங்கினோம். சில மாதங்களில் அது மந்தமாயிற்று. ஒருநாள் உசிலம்பட்டியில் ஒரு கடையில் திறந்தால், 'அப்டேட்' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் "போன வாரமே பணம் கட்டிவிட்டேன்" என்கிறார். நாம் பாக்கி என்கிறோம். கணக்குப் பார்க்க வழியில்லை. மதுரை திரும்பிப் பார்த்தால் அவர் சொன்னதே சரி, பணம் வரவாகியிருந்தது. மறுநாளே நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். "பேசாம பழைய சிட்டையையே கொண்டு வாங்க அண்ணாச்சி" என்றார். 20 ஆண்டுப் பழக்கம் நம்மைக் காப்பாற்றியது.

அதில் இருந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11 ஏறுவதற்கு மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான். நிற்க இடம் உண்டு, நடக்க இடமில்லை! ஆகவே வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. வேலை: ஆர்டர் எடுக்கவும் பாக்கிப் பட்டியல் பார்க்கவும் மட்டும் என்றால், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கீபோர்டு மாட்டிக்கொண்டாலே போதும். டேலி பிரைமில் கணக்கே எழுத வேண்டுமென்றால் விண்டோஸ் வேண்டும். 'எஸ் மோடு' என்றிருந்தால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் கிடைப்பவை மட்டுமே ஏறும். செலவில்லாமல் அதிலிருந்து விலகலாம். பழைய கருவி வாங்குவோர் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

2. கொள்ளளவு: இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. கணக்கு எழுதுவோர் 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்புக்குக் கீழே இறங்க வேண்டாம்.

3. எடை: 2020-ல் வந்த லெனோவோ குரோம்புக் டூயட், திரை மட்டும் 450 கிராம், கீபோர்டும் தாங்கி உறையும் சேர்ந்தால் 920 கிராம். எனவே மொத்த எடையைக் கேளுங்கள், சார்ஜரையும் சேர்த்து.

4. விலை: 2018-ல் வந்த சர்ஃபேஸ் கோவுக்குக் கீபோர்டு தனி விலை. பேனா, உறை, கூடுதல் வாரண்டி எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

5. கீபோர்டு: டேலியில் எஃப்-6 வரவு, எஃப்-8 விற்பனை. சிறு கீபோர்டில் இவற்றுக்கு இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டி வரலாம். பின்தாங்கியில் நிற்கும் திரை மேசையில் நன்றாக நிற்கும்; மடியிலும் மூட்டை மேலும் ஆடும். அப்படி எழுதுவோருக்கு, முழுவதும் மடங்கும் லேப்டாப் வகை கொஞ்சம் கனமானாலும் உறுதியானது.

6. மின்சாரம்: டைப்-சி வழியே சார்ஜ் ஏறுமா என்று பாருங்கள், லைனில் மாற்று சார்ஜர் கிடைப்பது எளிது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கருவியை விட்டுவராதீர்கள், பேட்டரி கெடும்.

7. பில்: கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள். 18 சதவீத வரி சேர்த்து 30,000 ரூபாய் என்றால், அதில் வரி மட்டும் சுமார் 4,576 ரூபாய். தொழிலுக்கு வாங்கியதால் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு இது இல்லை.

பணம் கட்டுமுன் விற்பனைக் கடையிலேயே நின்றுகொண்டு பத்து வரி அடித்துப் பாருங்கள், கை சொல்லிவிடும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல கருவியானாலும், லைனுக்குக் கிளம்புமுன் அன்றைய பாக்கிப் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் இப்போது அப்படித்தான் போகிறோம். கருவி கெட்டால் பழுது பார்க்கலாம். வாடிக்கையாளர் நம்பிக்கை கெட்டால் பழுது பார்க்கக் கடை கிடையாது.