மூன்று வெற்றிக்கு இரண்டாம் இடமா, ஐந்தாம் இடமா?

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் 16 பேர் சேர்ந்து போக்கிமான் கார்டு போட்டி நடத்தினார்கள். சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேரை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். மொத்தம் 4 சுற்று. என் மகன் முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்த மூன்றிலும் ஜெயித்தான். அவன் நண்பன் முதல் மூன்றில் ஜெயித்து, கடைசியில் தோற்றான். இருவருக்கும் மூன்று மூன்று வெற்றிதான். ஆனால் நண்பனுக்கு இரண்டாம் இடம், இவனுக்கு ஐந்தாம் இடம். பரிசு முதல் நான்கு பேருக்கு மட்டும்! கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டது என்று இன்னும் முணுமுணுக்கிறான். யாரோ பொழுதுபோக்காக எழுதிய சாஃப்ட்வேரை நம்பலாமா? முடிவுத் தாளை இணைத்திருக்கிறேன்.
— ஒரு தாய், களக்காடு

பதில்: தாளையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கே முதலில் நன்றி. இந்த மாதிரி வழக்கில் வாதி தரப்பு ஆவணம் கொண்டுவருவது அபூர்வம்.

உங்கள் மகன் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. முதல் சுற்றில் யாரோடு யார் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கித்தான் போட்டது. அப்போது யார் கெட்டிக்காரர் என்று அதற்குத் தெரியாது. வேறு வழியில்லை. ஆனால் கடைசியில் வந்த 2, 5 என்ற இடங்களில் குலுக்கலே கிடையாது. அது வெறும் கூட்டல் கணக்கு. அதைப் பென்சிலால் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் போட்டி நடந்த விதத்தைப் பார்ப்போம். நம் ஊர்க் கபடி, கேரம் போட்டிகளைப் போல நாக் அவுட்டாக நடத்தியிருந்தால் 15 ஆட்டத்தில் கதை முடிந்திருக்கும். முதல் சுற்றிலேயே எட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், உங்கள் மகனும் சேர்த்து. எல்லோரும் எல்லோரோடும் மோதுவது என்றால் 120 ஆட்டம், விடுமுறை போதாது. இரண்டுக்கும் நடுவில் உள்ளது ஸ்விஸ் முறை. யாரும் வெளியேறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வெற்றி பெற்றவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள், ஒரு முறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1895-இல் நடந்த ஒரு செஸ் போட்டிக்காக ஜூலியஸ் முல்லர் என்பவர் வகுத்த முறை இது. மேஜிக், போக்கிமான் போன்ற கார்டு ஆட்டங்கள் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து வந்து, இதை அப்படியே எடுத்துக்கொண்டன.

இந்த முறையில் 16 பேர் 4 சுற்று ஆடி, டிரா எதுவும் ஆகாவிட்டால், நான்கும் வென்றவர் ஒருவர், மூன்று வென்றவர்கள் நான்கு பேர் என்றுதான் முடியும். ஆக 2 முதல் 5 வரையிலான இடங்களை அந்த நான்கு பேருக்குள் பிரித்தாக வேண்டும். பரிசு முதல் நான்கு பேருக்கு என்று அறிவித்தபோதே, மூன்று வென்ற ஒரு பிள்ளை வெறுங்கையோடு திரும்புவது முடிவாகிவிட்டது. அது யார் என்பதுதான் மிச்சம். இது சாஃப்ட்வேர் எடுத்த முடிவு அல்ல. பரிசுப் பட்டியல் எழுதியவர் கணக்குப் பார்க்காமல் எடுத்தது.

சரி, பிரிப்பது எப்படி? சமமாக நிற்பவர்களைப் பிரிக்கும் விதிக்கு டைபிரேக் என்று பெயர். செஸ்ஸில் 1932-இல் புருனோ புக்கோல்ஸ் கொண்டுவந்த கணக்குதான் இதில் புகழ்பெற்றது. நீங்கள் மோதிய எதிராளிகள் அத்தனை பேரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் வருவது உங்கள் புக்கோல்ஸ். பலசாலிகளோடு மோதி மூன்று வென்றவர், மற்றவர்களோடு மோதி மூன்று வென்றவரைவிட ஒரு படி மேல் என்பதே இதன் நியாயம்.

இப்போது தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனை எதிர்த்து ஆடியவர்கள் போட்டி முடிவில் பெற்றிருந்த வெற்றிகள், வரிசையாக 2, 1, 1, 2. கூட்டினால் 6. அவன் நண்பனின் எதிராளிகள் பெற்றவை 2, 2, 3, 4. கூட்டினால் 11. அந்த 4 என்பது சாம்பியன். நண்பன் தோற்றது அவரிடம் மட்டும்.

இதற்குக் காரணம் தோல்வி வந்த நேரம். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை, இரண்டாவது சுற்றில், தன்னைப் போலவே தோற்றுவந்த இன்னொரு பிள்ளையோடுதான் மோதுவான். அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறினாலும், வழியில் சந்திப்பவர்கள் ஏற்கெனவே அடிபட்டவர்கள். கடைசியில் தோற்றவனோ மூன்று சுற்றும் தோற்காதவர்களோடு மோதிக்கொண்டே போகிறான். சீக்கிரம் தோற்றால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது, பரவாயில்லை என்று பலரும் நினைப்பார்கள். வெற்றி எண்ணிக்கைக்கு அது சரி. டைபிரேக்குக்கு நேர் எதிர்.

கார்டு ஆட்டங்களில் கூட்டலுக்குப் பதில் எதிராளிகளின் வெற்றி சதவீதத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். மேஜிக் ஆட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு: எதிராளி எவ்வளவு மோசமாக ஆடியிருந்தாலும் அவருடைய சதவீதத்தை 33-க்குக் கீழே இறக்க மாட்டார்கள். முதல் சுற்றில் குலுக்கலில் வந்த ஒரு சோப்ளாங்கியால் உங்கள் சராசரி பாழாகக் கூடாது என்ற இரக்கம்தான். அந்தக் கணக்கில் போட்டாலும் உங்கள் மகனுக்குச் சுமார் 42, நண்பனுக்குச் சுமார் 69. வரிசை மாறவில்லை.

மகனுக்கு ஆறுதல் வேண்டுமானால் மாமல்லபுரத்தைக் காட்டுங்கள். 2022-இல் அங்கே நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடும் ஸ்விஸ் முறைதான், 11 சுற்று. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் 19 புள்ளிகளோடு சமமாக நின்றன. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது டைபிரேக்கால். மகளிர் பிரிவில் உக்ரைனும் ஜார்ஜியாவும் 18 புள்ளிகளோடு நிற்க, அங்கும் அதே கதை. ஒரு நாட்டுக்கே தங்கம் கைநழுவியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு கோப்பை.

அடுத்து, யாரோ எழுதியதை நம்பலாமா என்ற கேள்வி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கார்டு விற்கும் பெரிய நிறுவனங்களிடம் போட்டி நடத்தும் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் அதைப் பெரும்பாலும் தங்கள் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கும் அமைப்பாளர்களுக்கும்தான் கொடுப்பார்கள். களக்காட்டுத் தெருவுக்கு அது வராது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் விளையாட்டுக்காரர்களே. நெட்ரன்னர் என்றொரு கார்டு ஆட்டம். அதை வெளியிட்ட நிறுவனம் 2018-இல் நிறுத்திவிட்டது. ஆடியவர்கள் விடவில்லை. லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்றைத் தொடங்கிப் புதிய கார்டுகளே அச்சிடுகிறார்கள். இப்போது அதன் பெயர் நல் சிக்னல் கேம்ஸ். அந்த ஆட்டத்தில் ஒருவர் கம்பெனி, மற்றவர் அதற்குள் புகும் ஹேக்கர். இருவருக்கும் வேலையே வேறு வேறு. யார் எத்தனை முறை எந்தப் பக்கம் ஆடினார் என்பதையும் கணக்கில் வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். பொதுவான சாஃப்ட்வேருக்கு இது எங்கே தெரியப்போகிறது? ஆட்டக்காரர் ஒருவரே ‘கோப்ரா’ என்ற பெயரில் அதற்கென ஒன்றை எழுதினார். அந்த ஆட்டத்தின் பல போட்டிகள் அதில் நடக்கின்றன.

ஜோடி சேர்ப்பதைக் கையால் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். இரண்டு சுற்று வரை செய்யலாம். பிறகு மேலிருந்து வரிசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், அடியில் மிஞ்சும் இரண்டு பேர் ஏற்கெனவே மோதியவர்களாக இருப்பார்கள். அவர்களைப் பிரிக்க மேலே ஒரு ஜோடியைக் கலைக்க வேண்டும். அது இன்னொன்றைக் கலைக்கும். ஒரே வீட்டில் நான்கு கல்யாணத்துக்கு வரன் பார்ப்பது போல, ஒன்றை மட்டும் தனியாக முடிக்க முடியாது. மொத்தமாகப் பார்த்துச் சிறந்த ஜோடிகளைக் கண்டுபிடிக்கும் கணித வழியை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் வெளியிட்டார். லிச்செஸ் என்ற இலவச செஸ் தளம் தன் ஸ்விஸ் போட்டிகளுக்குப் பயன்படுத்தும் ‘பிபிபி பேரிங்ஸ்’ அந்த வகைக் கணக்கில்தான் ஓடுகிறது.

லிச்செஸ், பிபிபி பேரிங்ஸ் இரண்டுக்குமே மூலநிரல், அதாவது சாஃப்ட்வேர் எழுதப்பட்ட கட்டளை வரிகள், எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. சந்தேகம் உள்ளவர் பிரித்துப் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தியும் அனுப்பலாம். விலை கொடுத்து வாங்கிய பூட்டிய பெட்டியைவிட எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். உங்கள் அண்ணன் மகன் போட்டுக் கொடுத்தது அந்த வகையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு இரண்டு யோசனை. டைபிரேக் விதியை முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 16 பேர் வந்தால் பரிசை நான்கு பேருக்கு வைக்காமல் ஐந்து பேருக்கு வையுங்கள். 17 பேர் வந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளைக்கு ஜோடி கிடைக்காது. ஆடாமலே ஒரு வெற்றி எழுதப்படும், அதை ‘பை’ என்பார்கள். ஒருவருக்கு ஒரு தடவைக்கு மேல் வராது. இரண்டாவது சுற்றிலிருந்து பெரும்பாலும் கடைசியில் நிற்கும் பிள்ளைக்குத்தான் விழும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கடிதம் அந்தப் பிள்ளையின் அம்மாவிடமிருந்து வரும்.