முதுகுத்தண்டில் ஒளியும் புழு

பன்றி நமக்கு ஹராம், அதன் நாடாப்புழு நம்மை என்ன செய்யும் என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. அது பிசகு. வயிற்றில் அப்புழு உள்ளவர் மலங்கழித்துக் கை கழுவாமல் சமைத்தாலே போதும். முட்டை நம் உணவில் சேரும். குஞ்சு மூளைக்கும், அபூர்வமாய் முதுகுத்தண்டுக்கும் போய்க் கட்டியாகும். நியூயார்க்கில் பன்றி உண்ணாத யூதர் நால்வருக்கு மூளையில் இது கண்டதை 1992-ல் டாக்டர்கள் எழுதினார்கள்.

உண்ணாதவரிடம் இந்நோயை யார் சந்தேகிப்பார்? இங்கேதான் மரபணு வாசிப்பு உதவுகிறது. முதுகில் ஊசியால் எடுத்த நீரிலுள்ள டி.என்.ஏ. துண்டுகளை யந்திரம் வாசிக்கும். மனிதனுடையதைத் தள்ளி, மிச்சத்தைக் கிருமிகளின் பேரேட்டோடு ஒப்பிடும். நம் பேரேடு போலத்தான், எதிர்பாராத பெயரும் அகப்படும். நாட்பட்ட மூளைச்சவ்வு வீக்கம் கண்ட எழுவரைப் பற்றி சான்பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர் 2018-ல் வெளியிட்டதில், ஒருவரிடம் இப்புழுவே இருந்தது. செலவு அதிகம். துண்டு அகப்படாவிட்டால் நோயில்லை என்றும் சொல்லிவிட முடியாது.