கிரியானுக்குத் தண்ணீர் வந்த கதை

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் போற ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும். கமுண்டிங் தாண்டிக் கொஞ்ச நேரத்துல ரயில் ஒரு பெரிய ஏரியைக் கடக்கும். அதுதான் புக்கிட் மேரா. ரொம்ப நாளாக அதை இயற்கை ஏரின்னே நினைத்திருந்தேன். சிவில் பொறியியல் படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது, அது 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம்.

பேராக்கின் வடமேற்கு மூலையில் இருக்கிறது கிரியான் மாவட்டம். அந்தக் காலத்தில் அது சதுப்புக் காடு. கெடாவிலிருந்து வந்த மலாய்க்காரர்களும் போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார்காரர்களும் காட்டை வெட்டி நெல் போட்டார்கள். முதல் வேலை நிலத்தில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது. பாரிட் புந்தார் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. மலாயில் பாரிட் என்றால் வெட்டிய கால்வாய். தரையோ தட்டை. கடல் ஏறினால் கால்வாயில் உப்புத்தண்ணீரும் ஏறும். அதனால் வாயில் மதகு வேண்டும்.

தண்ணீரை விரட்டியாச்சு. அடுத்த சிக்கல், மழை பொய்த்தால் பயிருக்குத் தண்ணீரே இல்லை! வானம் பார்த்த பூமி. விளைச்சல் போனால் குடியேறியவன் நிலத்தை விட்டுட்டுப் போயிடுவான். இதற்காகத்தான் குராவ் ஆற்றைப் புக்கிட் மேராவில் தடுத்து வாய்க்கால் வழியாக வயலுக்கு விட்டார்கள். மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம் அது. இன்றும் 20,000 ஹெக்டருக்கு மேல் அதை நம்பியிருக்கிறது.

நம்மவர்கள் அங்கே இரண்டு விதமாக வந்தார்கள். 1880-களில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் முயற்சியால் பாகான் செராயில் தமிழ்க் குடும்பங்கள் நெல் விவசாயம் செய்யக் குடியேறின. அதே மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது, ஓடிப்போனால் தண்டனை. கரும்புக்கும் வடிகால் வேண்டும். அவர்களும் அதே சேற்றில்தான் மண் வெட்டினார்கள். ஆனால் வெட்டிய நிலத்தில் ஒரு முழம்கூட அவர்களுக்கு இல்லை.

பள்ளிப் பாடத்தில் தோட்டம்னாலே ரப்பர்தான். அதற்கு முன்னால் கரும்பு இருந்ததை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சஞ்சி முறைக்கு 1910-இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதையொட்டிய வருஷங்களில் கரும்பும் போய் ரப்பர் வந்தது. நெல் வயல் அங்கேயே நின்றது. நிலம் வைத்திருந்தவர்கள் ஊரோடு தங்கினார்கள். கூலிக்கு வந்தவர்கள் வேலை இருந்த பக்கம் போனார்கள்.

அடுத்த முறை அந்த ரயிலில் போனால், பாகான் செராய் வரும்வரை தூங்காமல் இருங்கள். வயலுக்கு நடுவே நேர்கோட்டில் ஓடும் அந்த வாய்க்கால்களை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்.