பென்சிலுக்கு முன் பல்லாங்குழி

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைத்த கையோடு, நாலு கோடு நோட்டும் நீளப் பென்சிலும் வாங்கிவிடுகிறார்கள். மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் வருஷா வருஷம் பார்க்கிறேன். தை பிறப்பதற்குள் குழந்தை நோட்டைக் கண்டாலே ஓடுகிறது. சோம்பேறி என்று பெயர் வேறு. மணிக்கட்டில் இருக்கிற 8 எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. வருஷக்கணக்கில், ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படுகின்றன. மூன்று வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது கொடுமை.

முதலில் சப்பாத்தி மாவு பிசையட்டும், ஈரத்துணி பிழியட்டும், பச்சைப் பட்டாணி உரிக்கட்டும். இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் மூன்று விரல் பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் கீழிருந்து தாங்க வேண்டும். பெற்றோர் இந்த மூன்றையே திருத்திக்கொண்டிருப்பார்கள். சிக்கல் மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் இருக்கிறது. அவை மடங்கிச் சும்மா இருக்கப் பழகாதவரை ஐந்து விரலும் சேர்ந்து பென்சிலை இறுக்கும், தோள்வரை ஆடும்.

இதற்குப் பல்லாங்குழிதான் மருந்து. புளியங்கொட்டைகளை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் போடச் சொல்லுங்கள். கடைசி இரண்டு விரல் மிச்சக் கொட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்றும் வேலை செய்யும். ஆட்ட விதியெல்லாம் பிறகு. இரண்டு கொட்டையில் தொடங்குங்கள், சரளமானதும் நாலு. கையைக் கவிழ்த்துக் கொட்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மறுகை உதவிக்கு வந்தால், அதைப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எதையும் வாயில் போடும் வயசென்றால் இது வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்கும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும்.

அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு 1939இல் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியும் இதே வழிதான் போனார். அவருடைய மர உருளைகளின் தலையில் சின்னக் குமிழ் இருக்கும். மூன்று விரலால் பற்றித் தூக்க வேண்டும். பென்சில் பிடி அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவுவதும் அவர் முறையே. நம் வீட்டில் கோலப்பொடி இருக்கிறது. கிள்ளியெடுத்துப் புள்ளி வைக்கட்டும். நெளிகோடு தானாக வரும்.

பென்சில் கொடுக்கும் நாள் வந்ததும் பென்சில் கொடுக்காதீர்கள்! மெழுகுக் கிரேயானை ஒரு அங்குலத் துண்டாக ஒடித்துக் கொடுங்கள். நீளமானதை முஷ்டியில் பிடிக்கலாம். துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். பாண்டி பஜாரில் விற்கிற ரப்பர் கிரிப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஒடிந்த துண்டு இலவசம். தாளைக் குழந்தையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். நின்று கிறுக்கும்போது மணிக்கட்டு எழுதுவதற்கு வேண்டிய மாதிரி பின்பக்கம் வளைந்து கொடுக்கும்.

எழுத்தில் ‘ட’, ‘ப’ முதலில், நேர்கோடு மட்டும்தான். அதன்பின் ‘ம’. ‘அ’, ‘இ’ இரண்டும் சுழி நிறைந்தவை, கடைசிக்குப் போகட்டும். அரிசியில் எழுதியது சடங்கு, அதோடு சரி. பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இடதுகைக் குழந்தையை மாற்றாதீர்கள். தாளின் மேல்பக்கத்தை வலப்புறம் சாய்த்து வைத்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்து வயது தாண்டி ஸ்பூன் பிடிக்க, பட்டன் போடத் திணறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஆக்குபேஷனல் தெரபி தேவையா என்று கேளுங்கள். அதட்டி எழுத வைக்காதீர்கள்.